வராத சாயங்காலத்தின் மதிப்பெண்

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். பதினைந்தாவது அமர்வு முடிந்தது. தகவல்: நஸ்ரீன், காந்த இயந்திரத்தை இயக்குபவள், அவள் பதிவேடும் அதையே சொல்கிறது. வலி குறைந்ததா: உறுதியில்லை. அதற்கு ஆதாரம் நான் ஒருத்திதான்.

தலைமேல் சுருள், காதில் பஞ்சு. இருபது நிமிடம் மண்டையில் டக் டக். மூக்கு அரித்தது, அசையக்கூடாது.

ஃபைப்ரோமயால்ஜியா, ஆறு வருடம். உடம்பு முழுக்க வலி, ஸ்கேனில் ஒன்றுமில்லை. மாத்திரை போட்டால் ஆள் பெயர்கள் மறக்கின்றன. நிருபர் வேலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். டாக்டர் முதலிலேயே சொன்னார், இந்தக் காந்தச் சிகிச்சை சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. இருபது அமர்வு முடிந்ததும் என் வலித்தாளைப் பார்த்துத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவு. நிறுத்தினால் மறுபடி மாத்திரை. தாளில் காலை, மாலை, பத்துக்கு எத்தனை.

ஜூலை 9, புதன்

மேகம். மழை இல்லை. மூன்று மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. தாம்பரம் பாலத்தில் ஆட்டோ அரைமணி நேரம் நின்றது.

நஸ்ரீன் தாளை வாங்கிப் பார்த்தாள். மணி பதினொன்று.

"மேடம், இன்னிக்கு சாயங்காலம் இன்னும் வரவேயில்ல. எப்படி ஆறுன்னு போட்டீங்க?"

பழக்கம். அமைச்சர் மேடையேறுமுன் 'பேசினார்' என்று எழுதி அனுப்பியே முப்பது வருடம். மாலையில் ஆறுதான் இருக்கும், எப்போதும் ஆறுதான். எத்தனை நாளாக என்று கேட்டாள். முதல் நாளிலிருந்து என்றேன்.

"அப்போ கொறஞ்சிருந்தாகூட உங்களுக்கே தெரிஞ்சிருக்காதே."

நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 10, வியாழன்

துவரம் பருப்பு, சோப்பு, கரண்ட் ஆபீஸுக்குப் போன்.

பதினேழாவது அமர்வு முடிந்ததும் நஸ்ரீன் தாளை டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் திட்டவில்லை. மாலைப் பத்தி முழுவதும் ஒரே கோடாக அடித்தார். இளம் நிருபர்கள் எத்தனை பேர் செய்தியை நான் அப்படி அடித்திருப்பேன். புதுத்தாள் கொடுத்தார். இனி எழுதும் ஆறு மாலைகளை வைத்துத்தான் முடிவாம்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "வலிக்குக்கூட முன்கூட்டியே அறிக்கை விட்டியா?" என்றார். சிரித்தேன். விலா வலித்தது.

மாலை 6.10. தோள், இடுப்பு, முழங்கால், ஒவ்வொன்றாகக் கவனித்தேன். ஐந்துபோல. ஆசையில் ஐந்தா? கட்டம் காலி.

6.40. மறுபடி பார்த்தேன். ஐந்து. பேனாவில் எழுதியாயிற்று.

நிலுவை: மூன்று அமர்வு, ஐந்து மாலை. டாக்டர் முடிவு 16, புதன், காலை பதினொன்று.