இல்லாத பூனை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குப் பயந்துகொண்டிருந்த நாட்கள் முடிந்தன, நாலு நாளைக்கு முன்னால் உன் குரலையே கேட்டுவிட்டேன், அது போதும். நீ வேலை பார்க்கிற லேப் மேடம் வீட்டில் தங்கியிருக்கிறோமே என்று கூச்சப்பட்டு அரை வயிற்றோடு எழுந்துவிடாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பட்டறைக்கு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பெஞ்சு செய்யும் வேலை வந்திருக்கிறது. எனக்கு அச்சகத்தில் எப்போதும்போல ப்ரூஃப் பார்க்கிற வேலைதான், இந்த வாரம் புவியியல் பாடப் புத்தகம், கண் பூத்துப்போகிறது.

எப்படிம்மா கண்டுபிடிச்சே என்று போனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்தார், அவர் மனம் நோகும் என்று அப்போது சொல்லவில்லை. உன் எழுத்துதான் முதலில் காட்டிக்கொடுத்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் உன் செய்திகள் திடீரென்று சுத்தமாகிவிட்டன. ‘நான் நலமாக இருக்கிறேன் அம்மா. வேலை அதிகம்.’ என்று வந்தது. பிழை திருத்துகிறவள் பெற்ற பெண் என்று பேர்தான், உனக்கு ர எது ற எது என்று இன்றுவரை தெரியாது, முற்றுப்புள்ளியை நீ மதித்ததே கிடையாது. போன் செய்தால் மாப்பிள்ளைதான் எடுப்பார். அவ குளிக்கிறா அத்தை, தூங்குறா அத்தை, தொண்டை கட்டியிருக்கு அத்தை என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்வார். நான் திரும்பத் திரும்பக் கேட்கவும் பட்டறைக்குப் போன் போட்டு, அத்தைக்கு ஏதோ குழப்பம் மாதிரி தெரியுது மாமா, டாக்டர்கிட்ட காட்டிடுங்க என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவும் நம்பிவிட்டார், டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். அதைவிட மோசம், நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். ப்ரூஃபில் ஒரு முழுப் பக்கத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டேன், பதினெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், பைத்தியம் எனக்கா என்று பார்த்துவிடுவோம் என்று அச்சகத்தில் உட்கார்ந்தபடியே, நம்ம பூனை செத்துப்போச்சும்மா என்று உன் நம்பருக்கு அனுப்பினேன். பூனை முடி பட்டாலே உனக்கு மூச்சு இழுக்கும், நம் வாசல் பக்கம் ஒரு பூனையை அண்டவிட்டதில்லை. நான்கு நிமிஷத்தில் பதில் வந்தது. ‘மிகவும் வருத்தமாக இருக்கிறது அம்மா. அது நல்ல பூனை.’ பட்டறைக்கு ஓடிப்போய் போனை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். லேப் நம்பர் வச்சிருக்கியா என்று மட்டும் கேட்டார். மேடத்தைப் பிடித்தால், அவ உங்க வீட்லதானே இருக்கா, உங்களுக்கு முடியலைன்னு அவ வீட்டுக்காரர்தானே வந்து லீவு சொன்னார் என்கிறார். அவ இங்க வரவே இல்லைங்க என்றேன். போனை வைங்கம்மா, நானே போறேன் என்றார். பெண் போலீஸைக் கூட்டிக்கொண்டு அவர் வந்து, அவன் பூட்டி வைத்திருந்த கதவைத் திறக்க வைத்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, அந்த இரண்டு மணி நேரமும் அப்பா ஒரே பலகையை இழைத்துக்கொண்டே இருந்தார், பலகை அப்பளமாகிவிட்டது. உன் குரல் கேட்டதும் தரையில் உட்கார்ந்து அழுதார். அவகிட்ட சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன்.

முட்டாளாட்டம் இருந்துட்டேம்மா என்றாயே, அந்தப் பேச்சை இத்தோடு விடு. ஐம்பத்தாறு வயசுக்காரியை, அத்தனை தூரத்திலிருந்து, தன் புத்தியையே சந்தேகப்பட வைத்தவன் அவன். நீ ஒரே கூரைக்கடியில் அவனோடு இருந்தாய். ஜன்னல் வழியாக மேடத்தைப் பார்த்து, நான் இங்கதான் இருக்கேன் என்று கத்தினாயே, அந்தத் தெம்பு யாருக்கு வரும். புகாரை யார் சொன்னாலும் வாபஸ் வாங்காதே. உன் சித்தப்பா, பேசித் தீர்த்துக்கலாமே என்று வந்தார், அப்பா அவருக்குக் காபி கொடுத்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வரலைம்மா, இங்கேயே வேலையில இருந்துக்கறேன், ஒரு ரூம் பாத்திருக்கேன் என்று நீ சொன்னபோது, அதெல்லாம் வேண்டாம் கிளம்பி வா என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் பயத்துக்காக உன்னைக் கொண்டுவந்து இங்கே உட்காரவைத்தால், கதவு வேறே என்பதைத் தவிர உனக்கு என்ன வித்தியாசம். நீ இரு. வேலைக்குப் போ, சம்பளத்தில் உனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு திரைச்சீலை வாங்கிப் போடு. வாரம் ஒரு தடவை பேசினால் போதும் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நீ மனசு நிறைந்து, உடம்பு திடமாக, உன் இஷ்டப்படி நெடுநாள் வாழ வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்கிறார். ஒன்றை மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை அப்பா பட்டறைச் சாமான்களோடு அங்கே வருகிறார், உன் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டுத் தருவார். அதற்கு இரண்டு சாவி இருக்கும். இரண்டையும் நீயே வைத்துக்கொள். அவசரத்துக்கு எங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டுமே என்று நானே கேட்டாலும் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்
அம்மா