இரைச்சல் இல்லாத கிடார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். போனில் கேட்டால் அதுகூடச் சொல்லாமல் கேமராவைக் கிடார் பக்கம் திருப்பிவிடுகிறாய். கடிதத்தை அப்படித் திருப்ப முடியாது பார், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பரீட்சையில் கோட்டைவிட்ட வருஷம் நீ வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டாய். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரிடமும் பேசாமல் புதிதாக ஒரு கணினி மொழி படித்தாய். மனசு நன்றாக இருந்தால் நீ சோபாவில் படுத்து டிவி பார்க்கிற ஆள். இப்போது என்னடா என்றால், ஒரே சமயத்தில் இரண்டு கணினி மொழி படிக்கிறாயாம். எலெக்ட்ரிக் கிடாரைத் திறந்து உள்ளே இருக்கும் வயரையெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறாயாம். ஏதோ சரியில்லை என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது.

முதலில் வேலை போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டேன். கோபித்துக்கொள்ளாதே, உன் அலுவலகத்துக்கே கூப்பிட்டுப் பார்த்தேன். நீ மீட்டிங்கில் இருப்பதாக ஒரு பெண் சொன்னாள். சரி, வேலை பத்திரம். "உனக்கு சந்தேகப்பட ஒரு ஆள் வேணும், இந்தத் தடவை நான் தப்பிச்சேன்" என்கிறார் உன் மாமா.

அடுத்தது உன் மனைவி. எப்போது கேட்டாலும் "கடைக்குப் போயிருக்கா", "குளிக்கிறா", "இப்பதான் படுத்தா". ஒருத்தி எத்தனை தடவைதான் குளிப்பாள்? அண்ணி அண்ணி என்று என் பிறந்தநாளுக்கு முதல் ஆளாகக் கூப்பிடுகிறவள், இந்த வருஷம் கூப்பிடவில்லை. அவளுக்கே போன் போடக் கை போனது. உன் வாயால் வரட்டும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசித்ததாக ஒரு பாட்டு அனுப்பினாய். "வயரெல்லாம் மாத்திட்டேன், இரைச்சல் சுத்தமா போயிடுச்சு பாருக்கா" என்று பெருமை வேறு. உன் மாமா கேட்டுவிட்டு அருமை என்றார். நான் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

நான் அங்கே வந்து தங்கியிருந்தபோது, கிடாரை ஸ்பீக்கரில் மாட்டினாலே கொர்ரென்று ஒரு இரைச்சல் வருமே, நினைவிருக்கிறதா? பக்கத்து அறையில் அவள் தையல் மிஷின் பெடலை அழுத்தினால் ஏறும், காலை எடுத்தால் அடங்கும். அந்த மோட்டார்தான்டா காரணம் என்று நான் சொன்னேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை, கிடார் வயரில்தான் கோளாறு என்றாய். அவள் வேண்டுமென்றே விட்டு விட்டு அழுத்திக் காட்டினாள். கடைசியில் நீயே சிரித்துவிட்டாய்.

ஞாயிறு காலை அவளுக்குத் தையல் குவிந்து கிடக்கிற நேரம். அப்போது இரைச்சல் இல்லை. அதோடு நீ அனுப்பியதில் எதிரொலி வேறு கேட்கிறது. துணி மூட்டையாக அடைந்து கிடந்த வீட்டில் எதிரொலி ஏது? கடைக்குப் போகிறவள் தையல் மிஷினையும் தூக்கிக்கொண்டா போவாள்?

யார் மேல் தப்பு என்று இப்போது கேட்கமாட்டேன். பிறகு கண்டிப்பாகக் கேட்பேன், அது வேறு. இத்தனை மொழி படித்தவனுக்கு, அக்கா, மனசு சரியில்லை என்று ஒரு வரி எழுத வரவில்லையே என்றுதான் எனக்குக் கோபம். கோபம்கூட இல்லை, பயம். அந்தக் காலி வீட்டில் வேளைக்குச் சாப்பிடாமல் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. கிடாரை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பேசு. நான் வரவேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல், டிக்கெட் எடுக்க மாமா தயாராக இருக்கிறார். நீ நன்றாக இரு, அவளும் நன்றாக இருக்கட்டும். அடுத்த பாட்டை எப்போது அனுப்பினாலும் சரி, அந்த இரைச்சலோடு அனுப்புடா.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா