ரைட் பேக்கில் இன்னொரு ஷார்லமேன்

பிப்ரவரி 8, 2000. டெனரி
மீன்பிடித்துவிட்டுக் கடலிலிருந்து நேராக எங்கள் தீவின் தேசியக் கால்பந்து அணிப் பயிற்சிக்குப் போனேன். கோச் ஹிப்போலிட் தனியாகக் கூப்பிட்டார். "இங்கிலாந்துல பொறந்த நம்ம பசங்க நாலு பேர் வர்றாங்க, இக்னேஷியஸ். நீ ஆடுற ரைட் பேக் இடத்துக்கும் ஒருத்தன். நீ கொஞ்சம் ஓய்வெடு."
பதினோரு வருஷமாக நான் கேட்காத ஓய்வு.

பிப்ரவரி 11
அந்த ஒருத்தன் யார்? இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணன் கத்பர்ட் ஷார்லமேனின் மகன் டேரன்! இந்தத் தீவை மிதித்தே இராதவன். அண்ணன் போனில் சொல்கிறான்: "ஓட்டல் எதுக்குடா? உன் வீட்லயே தங்கட்டும்."
சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

பிப்ரவரி 23
வந்துவிட்டான். நல்ல பையன் — அதுதான் எரிச்சல். என் மனைவி வெர்னா வைத்த பச்சை வாழைக்காயையும் கருவாட்டையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "சித்தப்பா, நீங்க எந்த இடத்துல ஆடுவீங்க?"
அவனிடம் யாருமே சொல்லவில்லை.
"எங்க நிக்கச் சொல்றாங்களோ அங்க."
வெர்னா என் முகத்தைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினாள்.

மார்ச் 5
ஜெயித்துவிட்டார்கள். ரேடியோக்காரன் கத்துகிறான்: "நம்ம கால்பந்து வரலாறு இன்னிக்குத்தான் தொடங்குது!"
அப்ப நாங்க என்னடா பண்ணிட்டிருந்தோம்? இரவல் சட்டை போட்டுக்கிட்டு, பள்ளிக்கூட பெஞ்சுல படுத்து, சரக்குக் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே பக்கத்துத் தீவு மார்ட்டினிக் போய் ஏழு கோல் வாங்கிட்டு வந்தமே — அது யாரு வரலாறு?
ரம் கடையில் முதுகில் தட்டுகிறார்கள். "ஷார்லமேன் பேரைக் காப்பாத்திட்டான்யா உங்க பையன்!"
சிரித்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 6
வெர்னாவிடம் கத்திவிட்டேன். அவள்மேல் தப்பே இல்லை.

மார்ச் 9
டேரன் கிளம்பினான். அவன் ஆடியது என் இடம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குத் தெரியாது சித்தப்பா. சத்தியமா."
"தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டியா?"
தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் சரி.

ஜூன் 2
அடுத்த ஆட்டத்துக்கு நால்வரையும் அவர்களுடைய கிளப்புகள் விடவில்லையாம். கோச் படகுத்துறைக்கே வந்தார். "வியாழக்கிழமை வந்துடு இக்னேஷியஸ். நாடு கூப்பிடுது."
"இத்தனை மாசமா நாடு எங்க போயிருந்துச்சு, கோச்?"
மீனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
வெர்னா சொல்லிவிட்டாள்: "போகாத. போனா உனக்கு மானமே இல்லன்னு அர்த்தம்."
அவள் சொல்வதுதான் சரி. போகப்போவதில்லை.

ஜூன் 8, வியாழன்
போனேன். எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். மைதானத்தின் கதவுகூட இன்னும் திறந்திருக்கவில்லை.