பாரதி படம் ‘ஷார்ட்’ ஆன கதை

விருத்தாசலம்
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகள் தமிழினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் உன் தங்கச்சி பாரதியும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வேளாவேளைக்குச் சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை வளவனும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று கொளஞ்சியப்பரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். பாரதிக்கு விருது கிடைத்த சேதியைப் போனில் சொன்னபோது நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே அழுதுவிட்டாய், ஆனால் உனக்கு நான் சொன்னது பாதிக் கதைதான். மீதியைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் உங்கப்பா எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை உருட்டினார். இன்றைக்கு மனிதர் கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார், கறிக்கடையில் கூட்டமாக இருக்கும், அதற்குள் எழுதி முடித்துவிடுகிறேன். படித்துவிட்டு அவரிடம் கேட்காதே என்று சொல்லமாட்டேன், நன்றாகவே கேள்.

பாரதி விஸ்காம் முடித்து வந்ததிலிருந்து படம் படம் என்று அலைந்தது உனக்குத் தெரியும். எங்கள் அங்கன்வாடியில் சமையல் வேலை பார்க்கிற ஆராயியைத்தான் இந்தத் தடவை பிடித்தாள். ஆராயி கம்மாபுரம் பக்கத்துக்காரி, நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரோடு தள்ளிப் போய் வேறு இடத்தில் குடியேறினவள். அந்த இடத்திலிருந்து பஸ்ஸும் தூரம், ரேஷன் கடையும் தூரம், புருஷனை எதிர்பார்த்தால் ஆகிற காரியமில்லை என்று ஐம்பது வயதுக்கு மேல் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதுதான் படம், வேறு கதை கிடையாது. இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று நான்கூட நினைத்தேன். ஆராயி லேசுப்பட்டவளா, வண்டியிலிருந்து விழுகிற மாதிரி நடிக்கச் சொன்னதற்கு, வுழுவறதெல்லாம் நெசமாவே வுழுந்து முடிச்சாச்சி பாப்பா, படத்துக்காவ வேற தனியா வுழுவணுமா என்று கேட்டுவிட்டாள். அப்படிச் சொன்னவள் அடுத்த நாள் நடிக்காமலேயே விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, படம் பிடிக்க ஹேண்டில்பாரில் கட்டியிருந்த போன்தான் சாலையில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது, நீ வாங்கி அனுப்பின அதே போன். நல்லவேளை அதற்குள் படம் முக்கால்வாசி முடிந்திருந்தது, மீதியை ஒரு சினேகிதியின் போனில் எடுத்து ஒட்டினாள்.

சென்னையில் ஒரு பெரிய குழாய்க் கம்பெனி இருக்கிறது, அவர்கள் ஒரு பவுண்டேஷன் நடத்துகிறார்கள். புதிதாகப் படம் எடுக்கிற பிள்ளைகளின் படங்களை வரவழைத்துப் பார்த்து, வருஷத்துக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த படம் எடுக்கிற செலவை அவர்களே ஏற்று, அனுபவப்பட்ட டைரக்டர் ஒருவரைக் கூடவே நின்று வழி காட்டவும் வைக்கிறார்கள். வந்த படங்களில் சிறந்ததற்கு விருதும் உண்டு. பாரதி படத்தை அனுப்பிவிட்டு பவுண்டேஷன்லேர்ந்து வரணும், பவுண்டேஷன்லேர்ந்து வரணும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தது பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் காதில் விழுந்து, ஏங்க அண்ணி, வூடு கட்டப் போறீங்களாமே, பவுண்டேஷன் போட எந்த ஊரு மேஸ்திரி வராரு என்று என்னைப் பிடித்துக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க மனசில்லை. ஏனென்றால் படத்தை அனுப்பின அன்றைக்கே பாரதி என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். இதுவும் கெடைக்கலன்னா நான் ராஜ்மோகன் சார் ஆபீசுக்குப் போயிடறம்மா, இனிமே படம்னு வாயத் தொறக்கமாட்டேன் என்றாள். ராஜ்மோகன் நெய்வேலியில் கான்ட்ராக்டர், உங்கப்பாவுக்குப் பழக்கம், பில் போடுகிற வேலைக்குப் பெண்ணை அனுப்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். கோபத்தில் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன். அமைதியாகச் சொன்னாள்.

இப்போது உங்கப்பா கதைக்கு வருகிறேன். பாரதி போன் உடைந்திருந்ததால் விண்ணப்பத்தில் அவர் நம்பரைக் கொடுத்திருந்தாள். அவர் வேலை உனக்குத் தெரியாததா, செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கட்டைகளுக்குக் கரண்ட் விட்டுப் பார்க்கிறவர். தாங்குகிற கட்டை பெட்டிக்குப் போகும், தாங்காததற்குச் சிவப்புச் சாக்பீஸால் ‘ஷார்ட்’ என்று எழுதி, எத்தனை என்று பலகையில் குறித்து, உடைத்துக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். அந்தப் பலகைக்கு அங்கே பெயரே ஷார்ட் லிஸ்ட். மண் அரைக்கிற மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது பவுண்டேஷனிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, உங்க பொண்ணு பாரதியோட படம் ஷார்ட் லிஸ்ட் ஆயிருக்கு சார் என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான், அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் இந்த மனிதர் காதில் ஏறவில்லை. பரவால்லம்மா, சின்னப் புள்ள, அடுத்த தடவ நல்லா செய்யச் சொல்றேன் என்று பதில் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறாள், பாவம் அவளுக்கு எதற்குச் சிரமம் என்று இவர் எடுக்கவேயில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார். படம் ஷார்ட் ஆயிடுச்சாம், புள்ளகிட்ட இப்ப சொல்லாத, ஆபீசுல சேந்து நாலு காசு கண்ணுல பாத்த பொறவு மெதுவா சொல்லிக்கலாம் என்றார். நானும் அவரோடு குடும்பம் நடத்தினவள்தானே, ஷார்ட் என்றால் குப்பைக்குப் போனது என்றுதான் எனக்கும் தெரியும். அவர் போன பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே குழம்பை வைத்தேன், உப்பே போடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மறுநாளிலிருந்து உங்கப்பா பாரதியிடம் காட்டின அன்பைப் பார்க்க வேண்டுமே. வேலை விட்டு வரும்போது புரோட்டா, அதற்கடுத்த நாள் மைசூர்பாகு, வியாழக்கிழமை கோழி. அவள் குளிக்கத் தண்ணீர் பிடித்துவைக்கிறார், தோத்தவன்லாம் கெட்டுப்போயிடல என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். அவள் மிரண்டுபோய் அடுப்பங்கரைக்கு வந்து, அப்பாவுக்கு டாக்டர் ஏதாவது சொல்லியிருக்காராம்மா, என்கிட்ட மறைக்காத என்று கண் கலங்கிக் கேட்டாள். நான் என்ன சொல்வேன், வாய்வுத் தொல்லை என்றேன். போன் ஏதாவது வந்துச்சாப்பா என்று அவள் கேட்கிறபோதெல்லாம் அவர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். கடைசியில் அவளே, திங்கக்கெழமலேர்ந்து ஆபீசுக்கு வரேன்னு ராஜ்மோகன் சார்கிட்ட சொல்லிடுப்பா என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டி வைத்திருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டாள். உங்கப்பா அவளுக்கு ஒரு டிபன் பாக்ஸும் குடையும் வாங்கிவந்தார். எனக்கு அந்த டிபன் பாக்ஸைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் அங்கன்வாடிக்கு சூப்பர்வைசர் வைதேஹி மேடம் வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. என் பெண் மைத்ரேயி பேங்க் வேலைக்கு ஷார்ட் லிஸ்ட் ஆயிட்டா விருத்தாம்பாள், எடுத்துக்கோங்கோ என்று நீட்டினார். நான் கையை நீட்டாமல் அவர் முகத்தையே பார்த்தேன், பாவம் துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். ஷார்ட் ஆனதுக்கு எதுக்கு மேடம் ஸ்வீட்டு என்று கேட்டேவிட்டேன். அவர் சிரித்து, ஆயிரம் பேர்ல நல்லவாளா நாலு பேரப் பொறுக்கி எடுத்தா அதுக்குப் பேர்தான் ஷார்ட் லிஸ்ட், அடுத்தது இன்டர்வியூ என்று விளக்கினார். தமிழினி, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. லட்டை வாயில் போட்டேனா கையில் வைத்தேனா என்று தெரியாது. ஆராயி, வண்டிய எடுறி என்றேன். விஷயத்தைக் கேட்டவள் அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளை மேடத்திடமே ஒப்படைத்துவிட்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்து எஸ்டேட்டுக்கு விட்டாள் பார் ஒரு விடு. படத்தில் ஓட்டினதெல்லாம் ஓட்டமே இல்லை. வேகத்தடை எதையும் அவள் மதிக்கவில்லை, என் இடுப்பு இன்னும் வலிக்கிறது.

ஷெட்டு வாசலில் நின்று உங்கப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். மனிதர் அப்படியே மண்மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார நேரமில்லை, போனைப் போடுங்கள், இது மட்டும் கைநழுவிப் போனால் உங்கள் மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் புகார் எழுதிப் பிராது கட்டுவேன் என்றேன், நிஜமாகவே கட்டியிருப்பேன். அவர் தப்புத் தப்பாக நம்பரை அழுத்தினார், ஆராயிதான் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் எடுத்ததுமே, அடுத்த தடவ நல்லா செய்யச் சொல்றேன்னு சொன்ன அப்பாதானே நீங்க என்று கேட்டாளாம். பொண்ணைப் படம் எடுக்க விடாத வீடு போலிருக்கிறது என்று அங்கே எல்லாரும் வருத்தப்பட்டார்களாம், சாயங்காலம் வரைக்கும் பார்த்துவிட்டு அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்க இருந்தார்களாம். உங்கப்பா எழுந்து நின்று, எம்பொண்ணு வருவாம்மா, நானே கூட்டியாரேன் என்று ஷெட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். வீட்டுக்கு வந்து பாரதியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை, பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டினாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்புறம் என் மடியில் படுத்து அழுதாள். நானும் அழுதேன். உங்கப்பா வாசலில் நின்றுகொண்டு கண்ணில் மண் விழுந்துவிட்டது என்றார்.

இன்டர்வியூவுக்கு அவளும் அப்பாவும் ரயிலில் போய் வந்தார்கள், விருது விழாவுக்கு ஆராயியையும் சேர்த்துக்கொண்டு எல்லாரும் போனோம். பெரிய ஏசி ஹால், ஆராயி பட்டுப்புடவையில் குளிரில் நடுங்கினாள். மேடையில் ஒருவர் மைக்கில் ஷார்ட் லிஸ்ட் என்று சொல்கிறபோதெல்லாம் நான் உங்கப்பா தொடையில் கிள்ளினேன். படத்தைப் போட்டார்கள். ஆராயி முதல்முதலாக யார் துணையும் இல்லாமல் மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஹால் முழுக்கக் கைதட்டினார்கள், இவள் என்ன செய்தாள் தெரியுமா, இருட்டில் எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். அடுத்த படத்துக்கான உதவிக்கும் பாரதி பெயரைத்தான் வாசித்தார்கள், விருதுக்கும் அவள் பெயரைத்தான் வாசித்தார்கள். மேடையில் அவள், எங்க அக்கா நைட் டூட்டி பாத்து வாங்கிக் குடுத்த போனுல எடுத்தேன் என்று மட்டும் சொன்னாள். அதை நீ அங்கே இருந்து கேட்டிருக்க வேண்டும் தங்கம்.

இன்டர்வியூ வந்ததும் ராஜ்மோகனிடம் போனில் கொஞ்ச நாள் தவணை கேட்டிருந்த உங்கப்பா, நேற்று நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று நெய்வேலிக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். படிப்பு முடிந்து அவள் வீட்டில் இருந்த இத்தனை நாளும் கல்யாண வீடானாலும் டீக்கடையானாலும் பெரிய பெண் ஜெர்மனியில் நர்ஸ், சின்னது வூட்டுல சும்மாதாங்க இருக்குது என்றுதான் உங்கப்பா சொல்வார், பக்கத்தில் நிற்கிற பாரதி தலையைக் குனிந்துகொள்வாள், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ராஜ்மோகன் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, என்னங்க ராஜாங்கம், எடத்த ரெடி பண்ணி வச்சிருக்கேன், பொண்ணு வராம ரெண்டு பேரும் வந்திருக்கீங்க என்று கேட்டார். உங்கப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மன்னிக்கணுங்க, அதால வர முடியாது, அதுக்கு வேல இருக்குது என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார், நிறுத்துகிறேன். நீயும் மாப்பிள்ளையும் கண்ணேறு படாமல், கைநிறைய வேலையும் மனசுநிறைய நிம்மதியுமாக நல்லா இருங்கள். காதை மூடிக்கொள், தலைக்கு எண்ணெய் வை. ஒன்றை மட்டும் மறக்காதே. உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் தங்கச்சி என்ன செய்கிறாள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன் என்று முன்பு ஒருதரம் சொன்னாயே, இனிமேல் மாற்றாதே. படம் எடுக்கிறாள் என்று சொல்.

உன் அம்மா,
ரா. விருத்தாம்பாள்