டோக்கன் கொடுத்த இடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அவள் முழங்கால் மட்டும் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே. போனில் சொல்ல வாய் வராத ஒன்று, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பிரார்த்தனை மன்றம் அரசாங்க நிதியில் முதியோருக்கு மதியச் சாப்பாடு போடுகிறது, அங்கே டோக்கன் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னேன் இல்லையா. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் சும்மா இருப்பேனா, கூட்டம் முட்டி மோத வேண்டாமே என்று பிரார்த்தனை முடிந்ததும் பிரார்த்தனை அறை வாசலிலேயே கொடுக்க ஆரம்பித்தேன். யாரையும் பிரார்த்தனைக்கு வற்புறுத்தக் கூடாது என்பது அரசாங்கத்தின் நிபந்தனை, அதை எழுதிய பலகையைச் சுவரில் மாட்டியதும் நான்தான். பிரார்த்தனைக்குக் கூட்டம் இரண்டு மடங்கானது, பக்தி பெருகிவிட்டது என்று தலைவர் முதுகில் தட்டினார், நானும் அதை நம்பினேன்.

ஒரு தையற்காரர், வேறு மதத்தவர், பிரார்த்தனை முடியும்வரை வெளியே வெயிலில் நின்று கடைசி டோக்கனை வாங்குவார். அதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும், சில நாள் தீர்ந்தே போயிருக்கும். ஒருநாள் எல்லார் முன்னாலும், உள்ள வந்து உக்காந்தா கொறைஞ்சா போயிடுவீங்க என்று கேட்டுவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. மறுநாளிலிருந்து மனிதர் வரவில்லை. ரோஷம், நாலு நாளில் வந்துவிடுவார் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். பத்தாம் நாள்தான் சமையற்கார அம்மா சொன்னாள், அவர் வெறும் ரொட்டியும் டீயுமாக ஓட்டுகிறார் என்று. கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். கோபமே இல்லை, கட்டிலில் கிடந்த துணியை ஒதுக்கி உட்காரச் சொன்னார். மூடியில் கை வைத்தவர் திறக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்து, மொதல்ல பிரார்த்தனை ஏதாவது சொல்லணுமா சார் என்று கேட்டார். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், நிஜமாகவே கேட்டாரம்மா.

இப்போது தெருக் கதவிலேயே டோக்கன் கொடுக்கிறேன், பிரார்த்தனை அறை பாதி காலி, தலைவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தையற்காரர் இன்னும் வரவில்லை, கேரியர்தான் போகிறது. திருத்திட்டீங்களே, விடுங்க என்கிறாள் உன் அம்மா. எனக்கு மனசு ஆறவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. எங்கள் ஆசி உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு. ஊர் விட்டு ஊர் போன பிள்ளை நீ, உன் அப்பனைப் போல ஒருவன் முன்னால் நீ ஒருநாளும் நிற்க நேரக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா