அரிசி டப்பாவில் வைத்த போன்

இராயபுரம்,
ஜூலை 3, வியாழன்

அன்பு மகள் ஜூடிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் அருளால் நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம். அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டியூட்டியில் நின்று நின்று கால் வீங்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, ஆனால் மாத்திரையை ஒளித்து வைக்கும் பழக்கம் குறையவில்லை. வாரம் இரண்டு தடவை வீடியோவில் பேசுகிறவள் எதற்குத் தபால் போடுகிறாள் என்று நினைப்பாய். முகத்தைக் காட்டிக்கொண்டு சொல்ல முடியாத விஷயம், அதனால்தான். போன ஞாயிறு தலைவலி என்று சொல்லி போனை வைத்தேனே, எனக்குத் தலைவலியே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது நம் ஜெராக்ஸ் கடையில் என் போனைப் பார்த்துவிட்டு நீ போட்ட சண்டை ஞாபகம் இருக்கும். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற நம் தெரு ஆண்களுக்கு நடுக்கடலில் டவர் கிடைக்காது என்பதால், ஏழு குடும்பங்கள் பேங்கில் என் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு மனு போடுவதும், ஓடிபி வந்தால் ஆபீசுக்குப் படித்துச் சொல்வதும் பத்து வருஷமாக என் வேலை. ஆதார், பாஸ்புக், ஏடிஎம் கார்டு எல்லாவற்றின் நகலும் கடைக் கம்ப்யூட்டரில். ஊரார் வீட்டுச் சாவியை எல்லாம் நீ ஏம்மா உன் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டாய். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நான் அப்பா முன்னாலேயே, நேத்து பொறந்தவ நீ வந்து எனக்குச் சொல்லித் தராதே என்று கத்தினேன். நீ தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாய். அந்தச் சாப்பாடு இப்போது என் தொண்டையில் நிற்கிறது ஜூடி.

தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போன மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவன் கூப்பிட்டான். நிவாரணப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொன்னான். இந்தத் தடவை பணம் ஏறாத ஏழு பேர் என்று பெயர்களை அவனே வாசித்தான், நம்பாமல் என்ன செய்வேன். மேடம், உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கறதாலதான் எங்க வேலை சுளுவா முடியுது என்றான். அந்த மேடத்தில் மயங்கிப்போனேன், வேறென்ன சொல்ல. கேட்ட நகலையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒவ்வொரு ஓடிபியாக வர வர, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தப்பில்லாமல், இரண்டு தரம் படித்துச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பணம் எடுத்த மெசேஜ் ஏழும் என் போனுக்கே வந்தது.

இனி எழுதப் போவதுதான் பெரிய கேவலம். ஏமாந்தது கூடப் போகட்டும், யாரும் ஏமாறலாம். ஏழு வீட்டுப் பணம் போனது அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படிப் பணம் போனால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்று கடைச் சுவரில் போலீஸ்காரர் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸில் இருக்கிறது, அதைத் தினமும் பார்க்கிறேன். நான் என்ன செய்தேன் தெரியுமா, போனை அணைத்து அரிசி டப்பாவில் புதைத்து வைத்துவிட்டு அந்தோனியார் நவநாளுக்குப் போய் முழங்காலில் நின்றேன். ஒரு ஜெபமும் வரவில்லை. ராத்திரிக்கு அரிசி எடுக்கப்போன அப்பா, இன்னாத்துக்குடி போன் அரிசில கீது, தண்ணில வுழுந்துச்சா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் நம் பின்சந்து பிலோமி கடைக்கு வந்தாள். அவள் மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட அன்றுதான் கடைசி நாள். அக்கா, வூட்டுக்காரு கணக்குல ஒண்ணுமே இல்லியாம், யாரோ கைய வச்சிட்டானுங்க, நீயே ஒரு மனு எழுதிக் குடுக்கா, நான் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போறேன் என்று அழுதாள். பாவி நான், உட்கார்ந்து டைப் அடிக்க ஆரம்பித்தேன். ஓடிபியை யார் சொன்னது என்கிற இடம் வந்ததும் கை ஓடவில்லை. கடைசியில் என் பெயரை அடித்தேன். அவள் எழுத்துப் படிக்கத் தெரியாதவள், நான் நீட்டும் காகிதத்தில் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவள். பேனாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முழு மனுவையும் வாய்விட்டுப் படித்தேன். பிலோமி கத்தவில்லை. நேத்தே சொல்லியிருக்கலாமேக்கா என்றாள். இருவரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று பேருடைய பணத்தை அவன் கைக்குப் போகாமல் பேங்கில் வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். நான்கு பேருடையது போய்விட்டது, அதில் பிலோமியுடையதும் ஒன்று. முதல் நாளே சொல்லியிருந்தால் எல்லாமே நின்றிருக்கும் என்று ஸ்டேஷனில் மனுவை வாங்கிய பெண் போலீஸ் சொன்னதை உனக்கு மறைக்க மனசில்லை. அன்றைக்கே என் வளையலை அடகுக் கடையில் கொடுத்து அந்த ஃபீஸைக் கட்டினேன், மற்ற மூவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவேன், நீ ஒன்றும் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை படகு திரும்பியதும் ஏழு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், பிலோமி புருஷன் பெனிட்டோ கதவைச் சாத்திக்கொண்டான். கம்ப்யூட்டரில் இருந்த நகலையெல்லாம் அவரவர் முன்னால் அழித்துவிட்டேன், எல்லோரும் பேங்கில் நம்பரை மாற்றிக்கொண்டார்கள்.

நேற்று பிலோமி ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது அவள் போனுக்கே முதல் தடவையாக ஒரு ஓடிபி வந்தது. பழக்கதோஷத்தில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்குக் காட்டாதே பிலோமி, நம்பர் உனக்கே படிக்கத் தெரியும் என்றேன். ஒவ்வொரு நம்பராக அவளே முணுமுணுத்து அழுத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவள் முடிக்கும்வரை திரும்பாமல் நின்றேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து, எந்தத் தீங்கும் அண்டாமல் மாதா உன்னைக் காக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் ஒன்று செய். ஏழு வீடும் எடுத்துக்கொண்டு போன பிறகு இந்தப் போனில் இன்னும் ஒரு வீட்டுச் சாவி மாட்டியிருக்கிறது. நீ இங்கே பேங்கில் கொடுத்து வைத்திருப்பதும் என் நம்பர்தான். அதை எடுத்துவிடு கண்ணு. என்னிடம் கேட்க வேண்டாம், எடுத்த பிறகு சொல்லவும் வேண்டாம்.

உன்னிடம் அன்று கத்தியதற்கு வெட்கப்படும்
உன் அம்மா,
ஆலிஸ் கஸ்பார்