கேட்டருகே தொடங்கும் படிக்கட்டு

அக்கா,

இன்று காலை நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மாடியில் உங்கள் கதவை யாரோ தட்டினார்கள். "ஏனுங்க, ஊட்ல யாருமில்லீங்களா?" என்று ஒரு குரல். வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தேன். கல்யாணப் பத்திரிகையோடு ஒரு பெரியவர். எங்களுக்குத்தான் வைக்க வந்திருக்கிறார்.

"நாங்க கீழ இருக்கறமுங்க" என்றேன்.

"கேட்டத் தொறந்தா படி வந்துருச்சுங்க. அப்படியே ஏறிப்போட்டேன்" என்றார்.

நீங்கள் இருந்திருந்தால் காப்பி குடிக்காமல் அவர் இறங்கியிருக்க முடியாது.

ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் காலம் தள்ளியவர்கள் நாம். நீங்கள் ஓய்வு பெற்றதும் மகன் பெங்களூருக்கு வரச் சொன்னான். "அங்க லிஃப்ட்டுல கூட யாரும் பேசமாட்டாங்க அம்மணி" என்று மறுத்துவிட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு போர்ஷன் கட்டி, அதில் நீங்கள் குடிவருவது என்று நாம் இருவரும் முடிவெடுத்தோம். என் வீட்டுக்காரரிடம் பிறகுதான் சொன்னோம்.

இன்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். படி ஒவ்வொன்றும் ஏழு அங்குல உயரம், நடுவில் ஒரு திருப்பம். நீங்கள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு கடப்பாக்கல் துண்டை வைத்து, ஏழு அங்குலம் ஆக்கிக் கால் தூக்கினீர்கள். முழங்கால் 'டக்'கென்றது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கல் துண்டை எடுத்துவிட்டு ஏறினீர்கள். சத்தம் இல்லை.

"ஆறு இஞ்சு. அதுக்கு மேல ஒரு நூலு கூடாதுங்க" என்றீர்கள்.

அன்று மாலை நீங்களும் நானும் கணக்குப் போட்டோம். மாடி பத்தரை அடி உயரம். ஆறு அங்குலமாக ஏறினால் இருபத்தோரு முறை கால் தூக்க வேண்டும். கடைசிமுறை மாடித் தளத்திலேயே கால் வைத்துவிடுவதால் படி இருபது போதும். பாதம் முழுதாகப் பதிய, படி ஒரு அடி அகலம். ஆக, தரையில் இருபது அடி நீளம். அளந்து பார்த்தால் முதல் படி கேட்டருகே வந்து நின்றது.

"நடுவுல திருப்பிட்டா எடம் மிச்சமுங்க" என்று கெஞ்சினார் இன்ஜினியர்.

"திரும்பற படி எனக்கு ஆகாதுங்க. கீழ யாரு வர்றாங்கன்னே தெரியாது" என்றீர்கள். உங்கள் முழங்காலோடு வாதாட யாருக்கும் தைரியம் இல்லை.

உள்பக்கம் திறந்த கேட் முதல் படியில் இடித்தது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். அதற்குப் பிறகு பால்காரர் வண்டியில் இடித்தது. இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், எங்கள் வீட்டுக்கு வந்த யாருமே எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கேஸ்காரர் நிறை சிலிண்டரோடு மேலே ஏறினார். மோர் கொடுத்து அனுப்பினீர்கள். அடுத்தமுறை சிலிண்டரைக் கீழே இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறினார்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் மேலேதான் வந்தார்கள். நாங்கள் கீழே பட்டுப்புடவையும் கேசரியுமாகக் காத்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மாவிடம், "பொண்ணுக்குக் கோவம் வருமுங்க. ஆனா காத்தால வந்தா மத்தியானத்துக்குள்ள போயிருமுங்க" என்று சொன்னீர்களாம். அவர்கள் இறங்கி வரும்போதே கல்யாணத் தேதியைப் பேசிக்கொண்டு வந்தார்கள். பெண்ணை அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

அன்று ராத்திரி உங்களைக் கேட்டேன். "நெசமாச் சொல்லுங்க, படியக் கேட்டுல கொண்டாந்து உட்டது வேணும்னுதானுங்க?"

உளுந்து வடையை எனக்குப் பிட்டுக் கொடுத்தபடி சிரித்தீர்கள். "மொழங்கால் வலிச்சது நெசந்தான் கண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான் பதில்.

ஒரு மதியத் தூக்கத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அன்று வந்த கூட்டத்தைப் பார்த்து உங்கள் மகன் திகைத்துப்போனான். "இவிங்கெல்லாம் யாருங்க?" என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன்: எங்கள் வீட்டுக்கு வந்து, வழி தப்பி மாடி ஏறியவர்கள். உங்களை இறக்கும்போது கேஸ்காரர் முன்னால் தோள் கொடுத்தார். திருப்பம் இல்லாததால் ஓரிடத்திலும் சாய்க்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் தொண்டாமுத்தூர் போனேன். தங்கை வீடு கட்டுகிறாள். மாடியறை அவள் மாமியாருக்கு. படிக்கட்டு வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஏற்பாடு. உங்களைப்போல நான் செங்கல் தேடினேன். அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கல்மேல் ஏறிப் பார்த்தார். ஆறு அங்குலம் சௌகரியம் என்றார். பிறகு, மருமகள் காதில் விழாதபடி, மெல்லக் கேட்டார்.

"ஏம்மணி, மேல உக்காந்தா ரோட்டுல போறவங்க வாறவங்க தெரியுமா?"

இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டின் முன்பக்கம் நடந்தேன். "தெரியற மாதிரி கணக்குப் போட்டறலாமுங்க."